பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்: சென்னையின் மரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையின் மரங்களை இனங்கண்டு சொல்லும் இணையக் குழுக்களின் நிர்வாகிகள் மற்றும் மூத்த உறுப்பினர்கள்

அன்புடையீர்,

வணக்கம். தெருவோரத்து மரமொன்றைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பி, "இது என்ன மரம், யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, எந்தப் பலனையும் எதிர்பாராமல் நீங்கள் பதில் சொல்லிவருகிறீர்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். தாவரவியலைப் பாடமாகப் படித்தவன் அல்லன். ஐயனாவரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களின் மரங்களை இன்று பெயர் சொல்லி அழைக்க முடிகிறதென்றால், அது உங்கள் குழுக்கள் எனக்குப் போட்ட பிச்சை. இந்த நன்றியை முதலில் பதிவுசெய்துவிட்டு, நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். மரத்தின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், எதைப் பார்த்து அந்தப் பெயருக்கு வந்தீர்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

குழுக்களில் வழக்கமாக நடப்பதை நீங்களே அறிவீர்கள். காலையில் ஒருவர் படம் போடுகிறார். சில நிமிடங்களில் ஒரு பெரியவர் வந்து 'சமானியா சமான்' என்று தூங்குமூஞ்சி மரத்தின் அறிவியல் பெயரை மட்டும் இரண்டே சொற்களில் பதிலாகத் தருகிறார். கேட்டவர் கைகூப்பும் பொம்மையை இடுகிறார். வேறு இருவர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே நபர், அடுத்த தெருவில் நிற்கும் அதே இன மரத்தைப் படம்பிடித்து மறுபடியும் கேட்கிறார். மூத்தவர்களில் சிலருக்கு அப்போது எரிச்சல் வருவதையும் பார்த்திருக்கிறேன். கேட்டவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் கிடைத்தது விடை மட்டுமே. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. விடை சரியாக இருந்தாலும் அடுத்த கணக்கை அவனால் போட முடியாது என்பதுதான் காரணம்.

ஒரு மரத்தின் பெயரை அறிவதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. காய்ந்த இலையையும் பூவையும் எடுத்துக்கொண்டு கல்லூரிப் பேராசிரியரைத் தேடிப் போக வேண்டும். அவர் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். 2007இல் 'இந்தியன் ட்ரீ பிக்ஸ்' என்ற பெயரில் கூகுள் குழுவாகத் தொடங்கி, பின்னர் 'ஈஃப்ளோரா ஆஃப் இந்தியா' என்று வளர்ந்த கூட்டம், படத்தை வைத்தே இனங்காணலாம், அதையும் பலர் கூடிப் பேசிச் செய்யலாம் என்று இந்நாட்டில் நடத்திக் காட்டியது. மறு ஆண்டு, நாட்டின் உயிரினங்களைப் பதிவுசெய்யும் 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்' என்ற இணையத்தளம் வந்தது. அதே 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் சிலரின் படிப்புத் திட்டமாக, படம் போட்டு உயிரினங்களை இனங்காணும் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளம் பிறந்தது. அன்று பெயர் கிடைப்பதே பெரும்பேறு. இன்று எந்தக் கைபேசியும் ஒரு நொடியில் ஏதோவொரு பெயரைச் சொல்லிவிடும். பெயர் மட்டும் போதுமென்றால் குழுக்களே தேவையில்லை. ஆனால் செயலி தன் முன் நீட்டிய படத்தை மட்டும்தான் பார்க்கிறது. மரத்தடியில் சிதறிக் கிடக்கும் காய், கசக்கிய இலையின் நெடி, காம்பை ஒடித்தால் கசியும் பால், போன மாசியில் மரம் மொட்டையாக நின்றதா இல்லையா என்பது போன்றவற்றைக் கேட்டறியும் வழி அதற்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

நான் கேட்பது எப்படிப்பட்ட பதில் என்பதை விளக்க, குழுக்களில் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் ஒரு குழப்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தையும் வாகையையும் புதியவர்கள் ஒன்றாகவே கருதுகிறார்கள். இரண்டுக்கும் பொடியிலைகள் கொண்ட கூட்டிலை. இரண்டிலும் பூ, பட்டு இழைகளால் ஆன சிறு பந்து போலத்தான் இருக்கும். இரண்டும் மாலையில் இலை மடக்கும். 'இது வாகை, அது தூங்குமூஞ்சி' என்று சொல்லிவிட்டால் கேட்டவர் தலையாட்டுவார், கற்றிருக்க மாட்டார். அவரைக் கீழே குனிந்து காயை எடுக்கச் சொல்லுங்கள். தூங்குமூஞ்சியின் காய் கருத்து, தடித்து, உடைத்தால் பிசுபிசுவென்று இனிப்பான சதையோடு இருக்கும். ஆடும் மாடும் தேடித் தின்னும். வாகையின் காய் வைக்கோல் நிறத்தில், காகிதம் போல் மெலிந்து, உள்ளே ஒவ்வொரு விதையும் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே எண்ணும்படி புடைத்திருக்கும். இலையுதிர்த்த வாகையில் அந்தக் காய்கள் மட்டும் தொங்கிக்கொண்டு, காற்றடிக்கும்போதெல்லாம் சலசலக்கும். தூங்குமூஞ்சிப் பூவின் இழைகள் நுனியில் இளஞ்சிவப்பு, அடியில் வெள்ளை. வாகைப் பூவோ பச்சை கலந்த வெண்மை, நல்ல மணமும் உண்டு. தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் ஒவ்வொரு கிளைக்காம்பிலும் நுனியை நோக்கிப் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வரும் என்பதை ஒரு முறை கவனித்துவிட்டால், காயும் பூவும் இல்லாத மாதத்திலும் கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவையும் ஒரே பதிலில் எழுதச் சொல்லவில்லை. 'காயைப் பாருங்கள், கருப்பும் சதையுமாக இருந்தால் தூங்குமூஞ்சி, வைக்கோல் நிறத்தில் சலசலத்தால் வாகை' என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் படித்தவர் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவரே நாலு பேருக்குச் சொல்வார்.

அசோக மரம் பற்றிய தகராறு இன்னொன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக, ஒல்லியாக, கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் மரத்தை நம் ஊரில் பாதிப் பேர் அசோகா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அது நெட்டிலிங்கம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரியாமல் அசோகா என்று எழுதிவிட்டவருக்கு வரும் பதில்களின் தொனியை ஒரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். ஏதோ பெரும்பாவம் செய்துவிட்டவர் போல அவர் ஒதுங்கிவிடுகிறார். அதற்குப் பதிலாக இரண்டு இலைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை. நீண்டு, விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும். அசோகத்தின் இலை கூட்டிலை. ஒரு காம்பில் சில இணைச் சிற்றிலைகள் இருக்கும். இளந்தளிர் செம்பு நிறத்தில் துணி போலத் துவண்டு தொங்கும். பூங்கொத்து முதலில் ஆரஞ்சு மஞ்சளாகவும் பிறகு சிவப்பாகவும் மாறும். இதைக் காட்டிய பிறகு, நெட்டிலிங்கத்தையும் கொஞ்சம் பெருமைப்படுத்துங்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம் அது. பச்சை நிறத்திலேயே நட்சத்திரப் பூக்கள் பூப்பதால் பூத்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. பழுத்துக் கருத்த கனிகளுக்குக் குயிலும் பழந்தின்னி வௌவாலும் வருகின்றன. கருஞ்சிறகில் பச்சைப் புள்ளிகள் கொண்டு நிலைகொள்ளாமல் பறக்கும் ஒரு வாலுள்ள பட்டாம்பூச்சி, தன் முட்டைகளை அதன் இலையிலும் இடுகிறது. நாள்தோறும் வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கும் மரத்தைப் பற்றி இதைக் கேட்டவர், மறுநாள் நிமிர்ந்து பார்க்காமல் போவாரா?

பெயர் தெரிவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோரும் உண்டு. வன்னியை நினைத்துப் பாருங்கள். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரம் அது. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்து நம் ஏரிக்கரைகளையும் புறம்போக்குகளையும் வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலம் அதற்கு நெருங்கிய உறவு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, ஊரெங்கும் அரிவாளும் பொக்லைனும் இறங்கும்போது, வன்னிக்கும் அதே கதி நேராமலிருக்க யாராவது ஒருவர் முள்ளைப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சீமைக் கருவேலத்தில் முட்கள் கணுவில், இலைக்காம்பின் அடியில், பெரும்பாலும் இணையாக நிற்கும். வன்னியில் சிறு முட்கள் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்தின் காய் மஞ்சளாகச் சதைப்பற்றோடு வளைந்திருக்க, வன்னியின் காய் மெல்லிய கயிறாகத் தொங்கும். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளருக்கோ, ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளருக்கோ தாவரவியல் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முள் எங்கே முளைக்கிறது என்று தெரிந்தால் ஒரு மரம் பிழைக்கும்.

இதைச் சொல்லும்போது அயல்நாட்டு மரங்கள் பற்றிய பேச்சையும் தொட வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் பூத்துக் குலுங்கும் குல்மொஹரைப் படம்பிடித்து, 'என்ன அழகு' என்று ஒருவர் பதிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் இருவராவது வந்து, இது மடகாஸ்கர் மரம், நம் மண்ணுக்கு உகந்ததல்ல, புயலுக்குத் தாங்காது என்று வகுப்பெடுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரைகடந்தபோது இந்நகரில் ஆயிரக்கணக்கில் சாய்ந்த மரங்களில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் ஏராளம். ஆனால் அன்று வேம்பும் விழுந்தது. அடிமரம் வரை சிமென்ட் பூசி மூச்சடைத்ததும், கேபிளுக்காகவும் மழைநீர் வடிகாலுக்காகவும் ஒரு பக்கத்து வேரை அறுத்ததும், மின்கம்பிக்காக ஒரு புறக் கிளைகளை மட்டும் கழித்ததும் எந்த மரத்தையும் சாய்க்கும்; அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் புயல் கேட்பதில்லை. நட வேண்டிய மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டு மரங்களுக்காக வாதாடுங்கள். நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் நிற்கும் மரத்தை ஒருவர் இப்போதுதான் முதன்முதலாக ரசிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் அதன் குடியுரிமையை விசாரிக்க வேண்டாம். சிவன் கோயில்களில் கைகூப்பி வணங்கும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாம்பாரில் கரைக்கும் புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. குல்மொஹரைப் பாராட்டியவரிடம், அதற்கு நம் நாட்டிலேயே ஒரு தங்கை உண்டு, வாதநாராயணன் என்று பெயர், வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும், தேடிப் பாருங்கள் என்று சொன்னால், அவர் தேடத் தொடங்கிவிடுவார். கடிந்து சொன்னால் குழுவை விட்டு வெளியேறுவார்.

படம் அனுப்பும் முறையைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. மரத்தின் முழு உருவத்தையும் ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டு 'என்ன மரம்' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 'தெளிவான படம் தேவை' என்ற ஒற்றை வரி, புதியவருக்கு எதையும் சொல்வதில்லை. ஓர் இலையை மட்டும் அல்ல, இலைகள் கிளையில் எப்படி அமைந்திருக்கின்றன என்று தெரியும்படி ஒரு சிறு கிளையை எடுக்கச் சொல்லுங்கள். இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா, ஏழிலைப்பாலையில் போல ஒரே இடத்திலிருந்து வட்டமாகக் கிளம்புகின்றனவா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இலையின் அடிப்புறம், அடிமரத்துப் பட்டை, தரையில் கிடக்கும் பூ, காய் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம். அளவு தெரிய அருகில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது எது இலை, எது சிற்றிலை என்பது. வேப்பிலை என்று நாம் கிள்ளியெடுக்கும் ஒவ்வொன்றும் தனி இலை அல்ல, ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை என்றும், இலை கிளையோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது என்றும் உங்களில் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகக் குரல் பதிவில் விளக்கினார். அந்த இரண்டு நிமிடப் பதிவு எனக்குக் கற்றுத்தந்ததை அதற்கு முன் கேட்டு வாங்கிய நூறு பெயர்களும் கற்றுத்தரவில்லை. அவருக்கு நன்றி.

குரல் பதிவு என்றதும் இன்னொன்று. பெரும்பாலான குழுக்களில் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. இதனால் நாம் இழப்பது யாரை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். புங்க மரத்தடியில் இருபது வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கு அந்த மரம் எந்த வாரத்தில் உதிர்ந்து எந்த வாரத்தில் தளிர்க்கும் என்பது தெரியும். மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும் என்பதைப் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டுத்தான் நான் அறிந்தேன். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் புன்னையைப் பற்றியும், திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த கதையைப் பற்றியும் கோயிலைச் சுற்றி வசிப்பவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர்கள் யாரும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கேள்வி கேட்கப் போவதில்லை. தமிழில் எழுதவும் குரலில் பேசவும் இடங்கொடுத்து, பதிலையும் தமிழில் தந்து, ஊர்ப்பெயரோடு அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே சேர்த்துவிட்டால் இரு தரப்பினருக்கும் பயன்படும். ஊர்ப்பெயர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால் அறிவியல் பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. அதையே முன்னே நிறுத்தி மிரட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி, காரணத்தைச் சொல்வது உங்களுக்கே எந்த வகையில் உதவும் என்பதைப் பார்ப்போம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்', அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்கது என்ற நிலை பெற, குறைந்தது இருவர் பெயர் சொல்லியிருக்க வேண்டும்; அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே பெயரில் ஒத்துப்போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் பதில் சொன்னவர் மூத்தவர் என்பதாலேயே இரண்டாமவர் மரியாதைக்காக 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதும் நடக்கிறது. இரண்டு பேர் பார்த்துச் சொன்னதாகக் கணக்கில் ஏறுவது உண்மையில் ஒருவர் பார்த்ததுதான். ஒவ்வொருவரும் தான் பார்த்த அடையாளத்தை எழுத வேண்டும் என்று வழக்கப்படுத்தினால் இந்தப் பொய்க்கணக்கு தானாகக் குறையும். எழுதப் போகும்போதுதான் சிலருக்குத் தாங்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதும் தெரியவரும். அத்தி, ஆல், இச்சி என்று நீளும் அந்தக் குடும்பத்தில், காய் இல்லாத படத்தை வைத்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்வதைவிட, 'அத்தி இனத்தில் ஒன்று, இதற்குமேல் இந்தப் படத்தில் தெரியவில்லை' என்று எழுதுவது கேட்டவருக்கும் நேர்மையான பதில். தெரியவில்லை என்று மூத்தவர் ஒருவர் எழுதினால், அந்தக் குழுவில் கேள்வி கேட்க மற்றவர்களுக்கும் துணிவு வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் கண்டிப்பை எதிர்பார்க்கிறேன். 'இந்தக் காயைத் தின்னலாமா', 'இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை குறையுமா' என்ற கேள்விகளுக்குப் படத்தை மட்டும் பார்த்து யாரும் பதில் சொல்லக் கூடாது. எட்டி மரத்தின் ஆரஞ்சு நிறப் பழம் கண்ணைக் கவரும். அதன் கொட்டை உயிரைக் குடிக்கும் நஞ்சு. வீட்டு வாசலில் அழகுக்காக வளர்க்கும் மஞ்சள் அரளியின் கொட்டையும் அப்படித்தான். காட்டாமணக்கு விதையை நிலக்கடலை போல நினைத்துத் தின்று பள்ளிப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்தி அவ்வப்போது வருகிறது. மரத்தின் பெயர் என்னவென்று சொல்லுங்கள். உண்பது, மருந்தாகக் கொள்வது பற்றிய கேள்வியைக் குழுவில் விவாதிப்பதில்லை என்று விதியே எழுதி வைத்துவிடுங்கள். யாராவது உண்டுவிட்டதாக எழுதினால் பெயர் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, கொட்டையையோ இலையையோ கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

சந்தனம், செம்மரம் போன்றவற்றைப் பார்த்து மகிழ்பவர்கள் இடத்தோடு பதிவிடுவதைத் தடுக்க வேண்டும். கூகுள் வரைபடச் சுட்டியோடு ஒரு சந்தன மரத்தின் படம் பொதுக்குழுவில் வந்தால் யார் யார் கண்ணில் படும் என்று சொல்லத் தேவையில்லை. தளங்கள் சிலவற்றில் அரிய இனங்களின் இடத்தை மறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அந்தக் காவல் நீங்கள்தான்.

இனி செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். சென்னைத் தெருக்களில் ஒருவர் அன்றாடம் கடந்துபோகும் மரங்கள் எண்ணிலடங்காதவை அல்ல. வேம்பு, புங்கை, பூவரசு, தூங்குமூஞ்சி, வாகை, பெருங்கொன்றை, குல்மொஹர், நெட்டிலிங்கம், நாட்டுவாதுமை, அரசு, ஆல், மரமல்லி, மகிழம், புன்னை, சரக்கொன்றை, ஏழிலைப்பாலை, நாவல், முருங்கை, தென்னை, பனை என்று ஐம்பது, அறுபது இனங்களை ஒருவர் பழகிக்கொண்டால் அவருடைய தெருவில் அவருக்கு அந்நியமாக நிற்கும் மரம் அநேகமாக இராது. இந்த இனங்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு குறிப்பு வேண்டும். மூன்றே கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்: எதைப் பார்த்து இதை அறிவது, எதனோடு இது குழம்பும், அந்தக் குழப்பத்தை எந்த அடையாளம் தீர்க்கும். இலை, பட்டை, பூ, காய் என்று படங்கள் சேர வேண்டும். படங்களை ஒரே நாளில் எடுக்க முடியாது. ஏழிலைப்பாலையின் பூவுக்கு ஐப்பசி வரையும் வாகையின் சலசலக்கும் காய்க்குத் தை வரையும் காத்திருக்க வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு மரம் என்று தத்தமது தெருவில் எடுத்துக்கொண்டு, தளிர், பூ, காய் என்று வாராவாரம் கவனித்து எழுதலாம். சீசன்வாட்ச் திட்டத்தில் ஏற்கனவே நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்துவருகிறார்கள். நம் குறிப்புகளையும் அங்கே சேர்க்க முடியும்.

மாதத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பதும் நல்லது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை மரப்பூங்கா இருக்கிறது. கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அங்கெல்லாம் போகலாம்தான். ஆனால் என் விருப்பம் வேறு. பெயர்ப்பலகை மாட்டிய மரத்தைப் பார்க்க நாம் தேவையில்லை. பெரம்பூர், புரசைவாக்கம், வியாசர்பாடி, கொளத்தூர் என்று மர நடைகள் அதிகம் நடக்காத வடசென்னைப் பக்கத் தெருக்களில், அந்தத் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்போம். சுவரொட்டி ஆணி அடித்த மரத்தையும், சிமென்டில் புதைந்த மரத்தையும் அப்போது அவர்களே நமக்குக் காட்டுவார்கள்.

இந்தக் குறிப்புகளைத் தொகுத்துத் தமிழில் தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. என்னால் முடியாதது சரிபார்ப்பு. ஒவ்வொரு குறிப்பையும் தாவரவியல் அறிந்த இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே படித்துத் திருத்தித் தர வேண்டும். பங்குனியில் புங்கை தளிர்க்கும், வேம்பு பூக்கத் தொடங்கும். அந்த இரண்டிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை. திருத்தித் தர முன்வருவோர் உங்கள் குழுக்களிலேயே தெரிவித்தால், மாசி முடிவதற்குள் முதல் இரண்டு குறிப்புகளின் வரைவை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஐயனாவரத்திலிருந்து,
உங்கள் குழுக்களின் உறுப்பினர் ஒருவர்